முதலீட்டாளர் அறிக்கை போடிமெட்டு ஏறுமா?

2025ஆம் ஆண்டில் மூன்று நாடுகளின் நிதிச்சந்தைக் கண்காணிப்பு அமைப்புகள் ஏறத்தாழ ஒரே திசையில் அடியெடுத்து வைத்தன. பிப்ரவரி 11 அன்று அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் ஒரு விளக்கக் குறிப்பை வெளியிட்டது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் தாம் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் நிர்வாகத்திடம் எந்த அளவுக்கு வற்புறுத்திப் பேசலாம் என்பதற்கான வரம்பை அது இறுக்கியது. பிளாக்ராக், வேன்கார்ட் ஆகிய இரு பெருநிறுவனங்களும் அத்தகைய சந்திப்புகளைச் சில நாள்கள் நிறுத்தியே வைத்தன. மார்ச் 28 அன்று நம் நாட்டின் பங்கு, பரிவர்த்தனை வாரியமான செபி, பெரிய கம்பெனிகள் தமக்குச் சரக்கு வழங்குவோரைப் பற்றித் தர வேண்டிய தகவல்களைத் தள்ளிவைத்து, அவற்றை விருப்பத்தின்பாற்பட்டதாக மாற்றியது. ஜூன் 3 அன்று பிரிட்டனின் நிதி அறிக்கை கவுன்சில் முதலீட்டாளர்களுக்கான பொறுப்பாண்மை நெறியைத் திருத்தி வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள அந்த நெறியில் அறிக்கைச் சுமை குறைந்திருக்கிறது. பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் விளையும் பயன் என்று முன்னர் வரையறையிலேயே இருந்த சொற்கள் அதிலிருந்து நீங்கிவிட்டன.

இந்த மாற்றங்கள் மும்பையிலும் லண்டனிலும் என்ன விளைவை உண்டாக்கும் என்று வணிக நாளேடுகள் போதுமான அளவு எழுதிவிட்டன. நான் அவற்றைப் போடிநாயக்கனூரிலிருந்து பார்க்க விரும்புகிறேன். காரணம் எளிது. இந்தச் சங்கிலியின் இரு முனைகளிலும் நிற்கும் ஊர் அது. ஒரு முனையில் போடியின் ஆசிரியரும் வங்கி ஊழியரும் மாதம்தோறும் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் தவணை, ஆயுள் காப்பீட்டு பிரீமியம், வருங்கால வைப்பு நிதி ஆகியவை பங்குச்சந்தைக்குப் போகின்றன. மறுமுனையில் போடிமெட்டுக்கு மேலே விளையும் ஏலக்காய், ஏலக்கூடங்களின் வழியாக, மசாலா கம்பெனிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் போகிறது. பணமும் சரக்கும் ஒரே ஊரிலிருந்து கிளம்புகின்றன. இடையில் எழுதப்படும் அறிக்கைகளில் அந்த ஊர் எங்கேயாவது இருக்கிறதா என்பதே என் கேள்வி.

பொறுப்பாண்மை என்பது புதிய சொல்லாகத் தோன்றலாம், பொருள் பழையது. கல்யாண வீட்டில் உக்கிராணம் பார்ப்பவரை நாம் அறிவோம். அரிசியும் பருப்பும் அவருடையவை அல்ல. ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு பந்திக்குப் போனது, எது கெட்டுப்போனது என்று வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தாம். மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு நிறுவனம், ஓய்வூதிய நிதி ஆகியவை அத்தகைய உக்கிராணக்காரர்கள். நம் பணத்தில் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்குகளுக்கு உரிய வாக்கு அவர்கள் கையில் இருக்கிறது. அந்த வாக்கை எப்படிப் பயன்படுத்தினார்கள், கம்பெனியிடம் எதைக் கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று சொல்வதே பொறுப்பாண்மை அறிக்கை.

இந்தியாவில் இதற்கு ஒன்றுக்கு மூன்று நெறிகள் இருக்கின்றன. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2017இல் தன் நெறியைக் கொண்டுவந்து 2020இல் திருத்தியது. ஓய்வூதிய நிதி ஆணையம் 2018இல் ஒன்றை வெளியிட்டது. செபியின் நெறி 2019 டிசம்பர் 24 அன்று வந்து, கொரோனாவால் சற்றுத் தள்ளிப்போய், 2020 ஜூலை 1 முதல் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் மாற்று முதலீட்டு நிதிகளுக்கும் பொருந்தியது. ஆறு கோட்பாடுகள்: கொள்கையை வெளியிடு, நலன்முரணைக் கையாள், கம்பெனியைக் கண்காணி, தேவையெனில் தலையிடு, வாக்களி, அறிக்கை கொடு. 2022 ஏப்ரல் முதல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களித்தே ஆக வேண்டும் என்பதும் விதியாகிவிட்டது. வாக்களித்ததற்கான காரணத்தையும் இணையத்தில் போட வேண்டும்.

எழுத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இந்த வாக்குப் பட்டியல்களை யார் காத்திருந்து படிக்கிறார்கள்? 2025 அக்டோபர் மாதத்தில் மட்டும் தவணை முறை முதலீடாக மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு ரூ.29,000 கோடிக்கு மேல் வந்தது. அவ்வளவு பணத்தைக் கொடுத்தவர்களில், தம் ஃபண்டு எந்தத் தீர்மானத்தை எதிர்த்தது என்று ஒருமுறையேனும் தேடிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. படிப்பவருக்கு எந்த முடிவிலும் உதவாத அறிக்கை, எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும் படிக்கப்படாது.

மாலையில் வரும் அட்டவணை

படிக்கப்படும் அறிக்கைக்கு ஒரு எடுத்துக்காட்டு போடியிலேயே இருக்கிறது. 2007 முதல் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. ஒவ்வோர் ஏலமும் முடிந்ததும் வாரியத்தின் இணையதளத்தில் ஒரு சிறு அட்டவணை வெளியாகும். ஏலம் நடத்திய நிறுவனம் எது, எத்தனை லாட், வந்த எடை எவ்வளவு, விற்ற எடை எவ்வளவு, உச்ச விலை, சராசரி விலை. அவ்வளவுதான். தேவாரத்திலும் கம்பத்திலும் வண்டன்மேட்டிலும் அந்த எண்களுக்காகக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. காயை ஸ்டோரில் உலர்த்தி உடனே அனுப்புவதா, இரண்டு வாரம் வைத்திருப்பதா என்ற முடிவு அந்தச் சராசரி விலையைப் பொறுத்தது.

அந்த எண்கள் எவ்வளவு ஆடும் என்பதை அறிந்தால்தான் அந்தக் காத்திருப்பு புரியும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் பேரழிவைக் கண்டன. அடுத்த ஆண்டு மழையும் ஏமாற்றியது. 2019 ஆகஸ்டு 3 அன்று புற்றடியில் உச்ச விலை கிலோவுக்கு ரூ.7,000 ஆயிற்று. அந்த விலையைப் பார்த்துக் கடன் வாங்கிப் புதிதாக நட்டவர்கள் பலர். 2022இல் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 கோடையின் வறட்சியும், உலகிலேயே அதிகம் விளைவிக்கும் குவாத்தமாலாவின் மகசூல் வீழ்ச்சியும் சேர்ந்து, 2025 தொடக்கத்தில் விலையை மூவாயிரம் வரை கொண்டுபோயின. ஆறு ஆண்டுகளுக்குள் ஏழு மடங்கு ஏற்ற இறக்கம். பங்குச்சந்தையில் இப்படி ஆடும் கம்பெனிக்கு எத்தனை எச்சரிக்கைக் குறிப்புகள் ஒட்டப்பட்டிருக்கும்!

இந்த ஏலமுறையில் உள்ள நல்ல அம்சங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏலம் நடத்துவோரும் வாங்குவோரும் 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிமம், விற்பனை விதிகளின்கீழ் உரிமம் பெற்றவர்கள். வாங்குபவர் பிறரின் முகத்தைப் பார்த்து விலை கேட்கும் பழைய முறை போய்விட்டது. 2021இல் வந்த மேகக்கணினி முறையால் போடியில் இருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் பங்கெடுக்க முடிகிறது. வேளாண் விளைபொருள் எதற்கும் இவ்வளவு வெளிப்படையான விலை நிர்ணயம் தமிழகத்தில் அரிது. கத்தரிக்காய் விளைவிப்பவருக்கு இதில் பாதி கிடைத்தாலே அவர் மகிழ்வார்.

ஆனால் அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை. ஏலத்தில் ஒருமுறை விற்ற காயை, வாங்கிய வியாபாரியே மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவருவதை இந்தத் தொழிலில் 'ரீபூலிங்' என்பார்கள். அன்றைக்கு வந்த எடையில் எவ்வளவு தோட்டத்திலிருந்து வந்தது, எவ்வளவு வியாபாரியின் கிடங்கிலிருந்து திரும்பி வந்தது என்பதை அட்டவணை பிரித்துச் சொல்வதில்லை. ஒரே காய் இருமுறை எண்ணப்படும்போது வரத்து மிகுதியாகத் தோன்றுகிறது. மிகுதியாகத் தோன்றும் வரத்து விலையை அழுத்துகிறது. விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் இது. வியாபாரிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வாங்கிய காயை எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று சலித்து, நிறம் பார்த்துப் பிரித்து விற்பது அவர்களுடைய தொழில். கையில் பணம் முடங்கும்போது சரக்கை ஏலத்தில் தள்ள வேண்டிய நிலையும் வரும். ஆகவே ரீபூலிங்கை அடியோடு தடைசெய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு என்று சொல்லுங்கள் என்பதே போதுமான கோரிக்கை. சொல்லப்பட்ட எண்ணை வைத்து யார் என்ன முடிவெடுக்க வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள்.

இது ஏலக்கூடத்தோடு நின்றுவிடும் சிக்கல் அன்று. ஏலக்காய்க்கு முன்பேர வணிகமும் இருக்கிறது. மும்பையின் பண்டகச் சந்தையான எம்சிஎக்ஸ் 2006இல் அதைத் தொடங்கியது. இடையில் அது வற்றிப்போய், 2025 ஜூலை இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. சரக்கு ஒப்படைக்கும் இடம் வண்டன்மேடு. அங்கே யார் எவ்வளவு நிலுவை வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2017ஆம் ஆண்டின் செபி சுற்றறிக்கை விளைபொருள்களை அகன்றவை, குறுகியவை, எளிதில் பாதிக்கப்படுபவை என மூன்றாகப் பிரித்தது. ஏலக்காய் போன்று உற்பத்தி குறைந்த பொருளுக்கு ஒரு தனிமனிதர் வைத்திருக்கக்கூடிய அளவு, ஒப்படைக்கத்தக்க மொத்த இருப்பில் அரை சதவீதம். மொத்தம் 20,000 டன் என்று வைத்துக்கொண்டால் ஒருவர் 100 டன் வரை போகலாம். விதி தெளிவானது. மீறினால் தண்டம் உண்டு.

அதாவது, எதிர்கால விலைக்குக் காவல் நிற்பது நிதி அமைச்சகத்தின்கீழ் வரும் செபி. இன்றைய விலைக்குக் காவல் நிற்பது வணிக அமைச்சகத்தின்கீழ் வரும் நறுமணப் பொருள்கள் வாரியம். ஒன்றின் விலை மற்றொன்றைப் பார்த்தே நகர்கிறது. முன்பேர வணிகர் மும்பையில் உட்கார்ந்து பார்ப்பது போடி, புற்றடி வரத்துக் கணக்கைத்தான். அந்தக் கணக்கில் இருமுறை எண்ணப்பட்ட காய் எவ்வளவு என்று செபிக்கும் தெரியாவிட்டால், அரை சதவீத வரம்பை எவ்வளவு கண்டிப்பாகக் காத்து என்ன பயன்?

இரண்டு அமைச்சகங்களுக்கு இடையில் விழும் இடைவெளி எப்படி முடியும் என்பதை நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. உடனடி வணிகத்துக்கென்று நடத்தப்பட்ட தேசிய ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் 2013 ஜூலை 31 அன்று வணிகத்தை நிறுத்தியபோது, ஏறத்தாழ 13,000 முதலீட்டாளர்களின் ரூ.5,600 கோடி சிக்கிக்கொண்டது. அதை யார் கண்காணித்திருக்க வேண்டும் என்ற வாதமே முதல் சில மாதங்களைத் தின்றது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் முன்பேரச் சந்தை ஆணையம் 2015 செப்டம்பர் 28 அன்று செபியோடு இணைக்கப்பட்டது. முன்பேரம் செபியிடம் வந்தது. உடனடிச் சந்தை வெளியிலேயே நின்றது.

இந்தப் பின்னணியில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2021 டிசம்பரில் கோதுமை, நெல், கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு ஆகிய ஏழு பொருள்களின் முன்பேர வணிகத்தை அரசு நிறுத்திவைத்து, பின்னர் அந்தத் தடையை 2026 மார்ச் வரை நீட்டித்தது. விலை ஏறினால் சந்தையையே மூடிவிடுவது எளிய வழி. ஏலக்காய் அந்தப் பட்டியலில் இல்லை. அரசியலுக்கு வலிக்காத பொருள் என்பதால் தப்பித்திருக்கலாம். சந்தையை மூடுவதைவிடத் தகவலைத் திறப்பதே நல்லது என்று நான் கருதுவதால், அது தப்பித்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இரண்டு சதவீத வாசல்

இனி சரக்கு முனையிலிருந்து கம்பெனி அறிக்கைக்குப் போவோம். செபி 2021இல் கொண்டுவந்த 'பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை' பங்குச்சந்தையின் முதல் ஆயிரம் கம்பெனிகளுக்கு 2022-23 முதல் கட்டாயம். 2023 ஜூலையில் அதிலிருந்து முக்கியமான அளவுகோல்களை மட்டும் பொறுக்கி, வெளியார் சரிபார்ப்புக்கு உட்படுத்தும் 'மையப் பகுதி' ஒன்றை உருவாக்கினார்கள். அதில் ஒன்பது பண்புகள். கரி உமிழ்வையும் தண்ணீரையும் பற்றியவை எல்லாருக்கும் தெரியும். கடைசி மூன்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து வாங்கிய மூலப்பொருளின் பங்கு எவ்வளவு. சிறு ஊர்களில் வேலை செய்வோருக்குக் கொடுத்த ஊதியம் எவ்வளவு. சரக்கு வாங்கியவர்களுக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது. மொத்தக் கொள்முதலில் வணிக இல்லங்களின் வழியாக வாங்கியது எத்தனை சதவீதம், அதில் முதல் பத்து இல்லங்களின் பங்கு எவ்வளவு. இவையெல்லாம் கேட்கப்படுகின்றன.

போடியின் கடைத்தெருவை அறிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறது இந்தக் கேள்விப் பட்டியல். ஏலக்காய் வணிகத்தின் நாடித்துடிப்பே பணம் திரும்பும் நாள்களும், கொள்முதல் எத்தனை பேர் கையில் குவிந்திருக்கிறது என்பதும்தான். விவசாயியின் நெருக்கடி பெரும்பாலும் விலையில் தொடங்குவதில்லை. விற்ற காய்க்குப் பணம் வராத வாரங்களில் தொடங்குகிறது.

அடுத்த படியாக, கம்பெனிகள் தமக்குச் சரக்கு வழங்குவோரைப் பற்றியும் இதே தகவல்களைத் தர வேண்டும் என்று 2023இல் விதி செய்தார்கள். கொள்முதலில் 75 சதவீதம் வரை உள்ளடக்க வேண்டும் என்றார்கள். 2025 மார்ச்சில் வந்த திருத்தம் இதைத்தான் தளர்த்தியது. இப்போது தனித்தனியே 2 சதவீதமும் அதற்கு மேலும் வழங்குவோர் மட்டுமே கணக்கு. அதுவும் விரும்பினால். சரிபார்ப்பு என்ற கடுமையான சொல்லோடு 'மதிப்பீடு' என்ற மென்மையான மாற்றும் சேர்க்கப்பட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மசாலா கம்பெனி தன் கொள்முதலை நூறு வியாபாரிகளிடம் ஆளுக்கு ஒரு சதவீதமாகப் பிரித்து வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவரும் 2 சதவீதத்தைத் தொடவில்லை. ஆகவே அந்தக் கம்பெனி வெளியிட வேண்டிய வழங்குநர் தகவல் பூச்சியம். விதியை மீறாமல், எதையும் மறைக்காமல், ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். மலையில் விளையும் எந்தப் பொருளின் வணிகமும் இப்படிச் சிதறியதுதான். ஐந்து ஏக்கர் தோட்டக்காரர் எந்தக் கம்பெனியின் 2 சதவீதமாகவும் எக்காலத்திலும் ஆகப்போவதில்லை.

அவருக்குக் கீழேதான் இந்தத் தொழிலைத் தாங்குபவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் தேர்ந்தெடுத்ததால் ஊடகங்களில் பெயர் அடிபட்ட பொட்டிபுரம், அதையடுத்த இராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் என்று மலையடிவார ஊர்களிலிருந்து, விடியும் முன்பே ஜீப்புகள் கேரளத் தோட்டங்களுக்குக் கிளம்பும். காய் எடுக்கும் பெண்களே அவற்றில் மிகுதி. வளைவுச் சாலையில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் அந்த வண்டிகள் கவிழ்ந்த செய்திகள் மாவட்டப் பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போடியில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்களும் இதே சங்கிலியின் கண்ணிகள். இவர்களுக்கான தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலிருந்து இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அதுவும் கரைந்துவிட்டது. தமிழ்நாட்டில் வீடு, கேரளத்தில் வேலை என்பதால் இரு மாநில அதிகாரிகளுக்கும் இவர்கள் பாதிப் பொறுப்பு. முதலீட்டாளர் அறிக்கைகளில் இவர்கள் முழுதாகவே இல்லை.

செபியின் தளர்வை நான் முற்றாக எதிர்க்கவில்லை. ஐந்து ஏக்கர்காரரிடம் கரி உமிழ்வுப் படிவத்தை நீட்டி, நிரப்பாவிட்டால் காயை வாங்க மாட்டோம் என்று ஒரு கம்பெனி சொல்லியிருந்தால், அது நிலைத்தன்மையின் பெயரால் நடக்கும் கொடுமை. அப்படி நடக்கக்கூடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தம் சுமையைக் கீழே தள்ளிவிடுவதில் வல்லவை. படிவம் நிரப்பும் பொறுப்பை விவசாயியின் தலையிலிருந்து இறக்கியது சரி. இறக்கிய சுமையை யார் தலையில் வைத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அது நடுவழியில் இறக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சுமையைத் தூக்க வேண்டியவர் முதலீட்டாளர் என்பது என் கருத்து. பொறுப்பாண்மை நெறியின் மூன்றாம் கோட்பாடும் நான்காம் கோட்பாடும் எதற்காக இருக்கின்றன? ஒரு ஃபண்டு மேலாளர் தன்னிடம் உள்ள உணவுப்பொருள் கம்பெனியின் அறிக்கையைத் திறந்து, வணிக இல்லங்களின் வழியாக வாங்கும் பங்கு ஏன் இவ்வளவு, பணம் கொடுக்கும் நாள்கள் ஏன் சென்ற ஆண்டைவிடக் கூடின என்று இரண்டு கேள்வி கேட்பதற்கு எந்த விவசாயியும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. எண்கள் ஏற்கெனவே கம்பெனியின் கணக்கில் இருக்கின்றன.

இது முதலீட்டாளருக்கு அறம் மட்டும் சார்ந்த வேலையும் அன்று. 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி எம்டிஹெச், எவரெஸ்ட் ஆகியவற்றின் சில மசாலாக்களின் விற்பனையை ஹாங்காங் நிறுத்தச் சொன்னது. சிங்கப்பூர் எவரெஸ்டின் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் செய்தது. சில வாரங்களுக்கு இந்திய மசாலாத் தொழில் முழுவதும் சந்தேகக் கண்ணுக்கு ஆளாயிற்று. சரக்கு எங்கிருந்து, எத்தனை கை மாறி, எந்த நிலையில் தன்னிடம் வந்தது என்று தெரியாத கம்பெனி, ஒரே ஓர் ஆய்வக முடிவில் தன் பெயரை இழக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. பெயரை இழந்தால் பங்கு விலையும் போகும்.

இங்கே ஒரு வரம்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரு நிறுவனங்களுமே பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதவை. மசாலாத் தொழிலின் பெரும்பகுதி குடும்ப நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செபியின் நெறி அங்கே எட்டாது. ஆனால் நிலைமை மாறிவருகிறது. ஏலமலையிலேயே, இடுக்கியின் அடிமாலியில் தொடங்கி வளர்ந்த ஈஸ்டர்ன் மசாலா இன்று நார்வே நாட்டு ஓர்க்லா குழுமத்தின் இந்தியக் கம்பெனியில் அடங்குகிறது. அந்தக் கம்பெனி 2025 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. ஐடிசி, டாடா கன்ஸ்யூமர் போன்ற பட்டியலிட்ட பெருநிறுவனங்களும் மசாலாவில் இருக்கின்றன. அவற்றின் பங்குகளில் மியூச்சுவல் ஃபண்டுகளின் பணமும் காப்பீட்டு நிறுவனங்களின் பணமும் இருக்கின்றன. கேள்வி கேட்க உரிமையுள்ளவர்கள் உள்ளே வந்தாயிற்று.

வாக்கு யார் கையில்

எல்லாரையும்விடப் பெரிய மௌனம் வருங்கால வைப்பு நிதியுடையது. சம்பளக்காரர்களின் கட்டாயச் சேமிப்பைத் தாங்கும் அந்த அமைப்பு, 2015 ஆகஸ்டு முதல் தனக்குப் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தையில் இட்டுவருகிறது. முதலில் 5 சதவீதம். பின்னர் 15 சதவீதம் வரை. நேரடியாகப் பங்கு வாங்காமல் குறியீட்டு நிதிகளின் வழியாக இடுவதால், வாக்குரிமை அந்த நிதிகளை நடத்தும் சொத்து மேலாண்மை நிறுவனங்களிடம் போய்விடுகிறது. செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் ஆகியவற்றின் மூன்று நெறிகளில் எதுவும் வைப்பு நிதி அமைப்பைக் கட்டுப்படுத்தாது. அது தொழிலாளர் அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. தொழிலாளரின் பணம், தொழிலாளர் அமைச்சகத்தின் பொறுப்பு. ஆனால் அந்தப் பணம் வாங்கிய பங்குகளின் வாக்கு, தொழிலாளர் நிலையைப் பற்றி ஏதேனும் கேட்டதா என்று சொல்லக் கடமைப்பட்டவர் எவருமில்லை. இது எனக்கு வேடிக்கையாகவும் இல்லை, தற்செயலாகவும் தோன்றவில்லை.

2025 டிசம்பரில் மத்திய நிதியமைச்சர் மக்களவையில் அறிமுகப்படுத்திய பங்குச்சந்தைச் சட்டத் தொகுப்பு மசோதா, 1956, 1992, 1996ஆம் ஆண்டுகளின் மூன்று சட்டங்களை ஒன்றாக்க முனைகிறது. மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. பழைய சட்டங்களின் முரண்களைக் களைவதும், செபி வாரியத்தை விரிவாக்குவதும் அதன் நோக்கங்கள். மூன்று சட்டங்களை ஒன்றாக்கும் அரசு, மூன்று பொறுப்பாண்மை நெறிகளையும் ஒன்றாக்கலாம். அதோடு வைப்பு நிதியையும் அதற்குள் கொண்டுவரலாம். பிரிட்டனின் புதிய நெறியில் நமக்கு உதவக்கூடிய ஓர் அம்சம் இருக்கிறது. மாறாத கொள்கை விளக்கங்களை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எழுதினால் போதும். ஆண்டுதோறும் செய்ததையும் விளைந்ததையும் மட்டும் எழுது என்கிறது அது. நம் ஃபண்டுகளின் அறிக்கைகளில் இதற்கு நேர்மாறாகக் கொள்கை பக்கம் பக்கமாக இருக்கும். விளைந்தது இரண்டு வரியில் முடியும். நீளத்தைக் குறைக்கும் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு, சமூகப் பயனை வரையறையிலிருந்து வெட்டிய மறுபாதியை விட்டுவிடலாம்.

அப்படி மெலிந்த அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? எந்தக் கம்பெனியிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, பதிலுக்குப் பிறகு என்ன செய்தோம். இரண்டு பக்கம். பணம் கட்டுபவரின் மொழியில். ஃபண்டு விளம்பரங்கள் தமிழில் வருகின்றன. சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது என்ற எச்சரிக்கையும் மூச்சுவிடாத தமிழில் வேகமாகப் படிக்கப்படுகிறது. கணக்கு மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நிற்க வேண்டும்?

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் கூட வேண்டும், நிலைக்குழு அறிக்கை தர வேண்டும், மூன்று ஆணையங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். ஆண்டுகள் ஆகலாம். ஏல அட்டவணையில் இல்லாத அந்த ஒரு கட்டத்துக்கு இவ்வளவு தேவையில்லை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டையும் கொண்டுவருபவர் விவசாயியா, உரிமம் பெற்ற வியாபாரியா என்பது ஏலம் நடத்துபவரின் பதிவேட்டில் தெரியும். அந்த இரு எடைகளையும் தனித்தனியே கூட்டி, மாலையில் விலையோடு சேர்த்து வெளியிடுங்கள் என்று கொச்சியிலுள்ள வாரியத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும் என்று நினைக்கிறேன். அடுத்த பருவத்தின் முதல் பறிப்புக்கு முன்பே அது வரலாம்.